தேர்தல் முடிவு, வட்டி அறிவிப்பு, உங்கள் முதலீடு: படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

2024 மக்களவைத் தேர்தலில் சென்னை ஓட்டுப் போட்ட நாள் ஏப்ரல் 19. எண்ணிக்கை ஜூன் 4. நடுவில் 46 நாள். விரலில் வைத்த மை நகத்தோடு வளர்ந்து, பாதியை நகவெட்டியால் வெட்டியே போட்டாகிவிட்டது. முடிவு மட்டும் வரவில்லை.

ஜூன் 4 காலை மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் டிவி ஒரு சேனலில், என் செல்பேசி இன்னொரு கணக்கில். பதினொன்றரை இருக்கும். ஓஎம்ஆரில் ஐடி வேலை பார்க்கும் அண்ணன் மகள் போன் செய்தாள். "சித்தப்பா, எல்லாம் சிவப்பா இருக்கு. மியூச்சுவல் ஃபண்டை வித்துடவா? அதுல மாசாமாசம் போடுற எஸ்ஐபி-யையும் நிறுத்திடவா?"

"இரும்மா. இந்தப் பணம் உனக்கு எப்போ வேணும்?"

"அது... வீடு வாங்க. ஒரு ஏழெட்டு வருஷம் ஆகும்."

"அப்போ போய் வேலையைப் பாரு."

அவளிடம் பெரிய மனிதனாகப் பேசிவிட்டேனே தவிர, என் கணக்கில் இரண்டு பங்குகளை விற்கத்தான் அரை மணி நேரமாக முயன்றுகொண்டிருந்தேன். தரகு நிறுவனத்தின் செயலி சுற்றிக்கொண்டே இருந்ததால் தப்பித்தேன். அன்று மும்பை பங்குச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ் 4,390 புள்ளிகள், 5.7 சதவீதம் சரிந்து 72,079-ல் முடிந்தது. மூன்றே நாள் கழித்து, ஜூன் 7 வெள்ளிக்கிழமை, 76,693. எண்ணிக்கைக்கு முந்தைய நாள் இருந்ததைவிட அதிகம். அந்த வெள்ளிக்கிழமைதான் ரிசர்வ் வங்கியும் ரெப்போவை, அதாவது வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வட்டியை, 6.5 சதவீதத்திலேயே வைத்து, வளர்ச்சிக் கணிப்பை 7.2 சதவீதமாக உயர்த்தியது.

அந்த நான்கு நாளைப் புரிந்துகொண்டால் இந்த விஷயத்தில் பாதி புரிந்த மாதிரி. மீதிப் பாதியையும் சேர்த்துப் பார்ப்போம்.

படி 1: விலையில் ஏற்கனவே என்ன ஏறியிருக்கிறது?

சந்தை ஜெயித்தவரைப் பார்த்து ஏறுவதில்லை, தோற்றவரைப் பார்த்து இறங்குவதில்லை. எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் அன்றைய ஏற்ற இறக்கம்.

2024-ல் நடந்தது இதுதான். கடைசிக் கட்ட வாக்குப்பதிவு ஜூன் 1 சனிக்கிழமை. அன்று மாலை வந்த கருத்துக் கணிப்புகள் பெரும் வெற்றி என்றன. திங்கட்கிழமை சென்செக்ஸ் 2,500 புள்ளி ஏறியது. அதாவது வராத வெற்றிக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை பாஜக 240 இடங்களில் நின்றது. கூட்டணியாக ஆட்சி அமைக்கப் போதுமானதுதான். ஆனால் கொடுத்த முன்பணத்துக்குப் போதவில்லை.

பழைய கணக்குகளையும் பாருங்கள். 2004-ல் வாஜ்பாய் அரசு திரும்பி வரும் என்று நம்பியிருந்தார்கள். வரவில்லை, புதிய அரசு இடதுசாரி ஆதரவோடு அமையப்போகிறது என்றதும், மே 17 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 11 சதவீதம் விழுந்தது, வர்த்தகம் இரண்டு முறை நிறுத்தப்பட்டது. 2009-ல் இழுபறி வரும் என்று பயந்திருந்தார்கள். தெளிவான முடிவு வந்தது. மே 18 அன்று 17 சதவீதம் ஏற்றம், வாங்க நினைத்தவர்கள் வாங்குவதற்குள் சந்தையை மூடியேவிட்டார்கள். இரண்டு முறையும் வந்தது மன்மோகன் சிங் தலைமையிலான அரசுதான். 2019-ல் மோடி இன்னும் பெரிய வெற்றி பெற்றார். மே 23 அன்று சென்செக்ஸ் முதன்முறையாக 40,000-ஐத் தொட்டுவிட்டு, நாள் முடிவில் 299 புள்ளி இறங்கியது. எல்லோரும் எதிர்பார்த்தது நடந்தது, அதனால் விற்று லாபம் எடுத்தார்கள்.

எதிர்பார்ப்பை அளக்க ஒரு கருவி உண்டு: இந்தியா விக்ஸ். தேசியப் பங்குச் சந்தை தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆப்ஷன்ஸ் (குறிப்பிட்ட விலையில் பின்னால் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) விலையை வைத்து, அடுத்த 30 நாளில் எவ்வளவு ஆட்டம் இருக்கும் என்று சந்தை நினைப்பதைச் சொல்லும். 2024 ஜூன் 4 அன்று 26-ஐத் தாண்டியது, மறுநாளே 20-க்குக் கீழே வந்துவிட்டது. இதன் நடைமுறைப் பொருள்: தேர்தலுக்கு முதல் நாள் ஆப்ஷன்ஸ் வாங்குபவர் பயத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறார். திசையைச் சரியாகச் சொல்லியும் நஷ்டப்படலாம். முடிவு வந்ததும் அந்தப் பயத்தின் விலை ஆவியாகிவிடுகிறது.

படி 2: கட்சியைத் தள்ளிவைத்துவிட்டு நான்கு கேள்வி கேளுங்கள்

நம் ஊரில் இது கஷ்டம்தான். கட்சி என்றால் ரத்தத்தில் இருக்கிறது. ஆனாலும் முதலீட்டுக்கு உட்காரும்போது கரை வேட்டியைக் கழற்றி வைத்துவிட வேண்டும். கேட்க வேண்டியவை இவ்வளவுதான்: புதிய அரசு எவ்வளவு கடன் வாங்கிச் செலவழிக்கும்? வரியை, இறக்குமதி வரியை மாற்றுமா? நினைத்த சட்டத்தை நிறைவேற்றப் போதுமான எண்ணிக்கை இருக்கிறதா? மத்திய வங்கியைத் தன் வேலையைச் செய்ய விடுமா?

மூன்றாவது கேள்விக்கு மெக்ஸிகோ நல்ல பாடம். 2024 ஜூன் 2 தேர்தலில் கிளாடியா ஷீன்பாம் ஜெயிப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். ஜெயித்தார். மறுநாள் பெசோ 4 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. வெற்றி எதிர்பார்த்தது, அதன் அளவு எதிர்பாராதது. அரசியல் சட்டத்தையே திருத்தத் தேவையான அளவை ஒட்டி அவர் கூட்டணிக்கு இடங்கள் வந்துவிட்டன. பல நேரங்களில் சந்தைக்குப் பிடித்தது பலமான அரசு அல்ல, கடிவாளம் உள்ள அரசு.

முதல் கேள்விக்கு பிரிட்டன். 2022 செப்டம்பர் 23 அன்று லிஸ் டிரஸ் அரசு, பணத்துக்கு வழி சொல்லாமல் பெரிய வரிக் குறைப்பை அறிவித்தது. மூன்று நாளில் பவுண்டு 1.04 டாலருக்கும் கீழே போய் வரலாறு காணாத சரிவைத் தொட்டது. அரசுப் பத்திரங்களின் விலை சரிந்த வேகத்தில் ஓய்வூதிய நிதிகள் தடுமாற, 28-ம் தேதி பேங்க் ஆஃப் இங்கிலாந்து பத்திரங்களை வாங்கித் தாங்கிப் பிடித்தது. பிரதமர் இரண்டு மாதம்கூட நிற்கவில்லை. இத்தனைக்கும் நடுவில் பொதுத் தேர்தல் எதுவும் இல்லை. ஆளும் கட்சிக்குள் தலைவர் மாறியதுதான்.

மாநிலத் தேர்தல்? சென்னையில் நமக்கு அதுதான் பெரிது. உலகச் சந்தைக்கு அது ஒரு தூறல் மட்டுமே. வேகமாகக் கடந்துவிடலாம்.

படி 3: வட்டி எந்தக் குழாய் வழியாக உங்கள் வீட்டுக்கு வருகிறது?

தேர்தல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. ரிசர்வ் வங்கியின் பணக் கொள்கைக் குழு வழக்கமாக ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது, அமெரிக்க மத்திய வங்கியான ஃபெட் எட்டு முறை. தேர்தலின் அதிர்ச்சி சில நாளில் அடங்கும். வட்டியின் திசை மாறினால் ஓரிரு ஆண்டு அதன் பாட்டுக்கு ஓடும். என்னைக் கேட்டால், தேர்தலுக்குச் செலவிடும் கவனத்தில் பாதியை வட்டிக்குக் கொடுத்தால் போதும், நிறைய நஷ்டம் மிச்சமாகும்.

மிக அருகில் இருக்கும் குழாய் வீட்டுக் கடன். 40 லட்சம் ரூபாய், 20 ஆண்டு, 8.5 சதவீதம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 34,713 ரூபாய். வட்டி 7.5 ஆனால் 32,224. ஆனால் தவணையைக் குறைக்காமல் பழைய தொகையையே கட்டிவந்தால், 240 மாதக் கடன் 205 மாதத்தில் முடிந்துவிடும். ஏறக்குறைய மூன்று ஆண்டுத் தவணை மிச்சம். 2025-ல் மட்டும் ரிசர்வ் வங்கி ரெப்போவை 6.5-லிருந்து 5.25 வரை இறக்கியது. உங்கள் கடன் ரெப்போவோடு இணைந்ததா, வங்கி தன் செலவை வைத்துத் தானே நிர்ணயிக்கும் பழைய எம்சிஎல்ஆர் கணக்கிலேயே கிடக்கிறதா என்று இந்த வாரமே கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். பழையது என்றால் சிறு கட்டணம் கட்டி மாற்றிக்கொள்ள முடியுமா என்று வங்கியில் கேளுங்கள்.

அடுத்த குழாய் கடன் பத்திரம். இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள், நானும் விழுந்தேன். 100 ரூபாய்க்கு ஒரு பத்திரம், பத்து ஆண்டு, வருஷம் 7 ரூபாய் வட்டி. நாளை சந்தையில் 8 சதவீதத்துக்குப் புதுப் பத்திரம் வந்துவிட்டால் உங்கள் 7 ரூபாய்ப் பத்திரத்தை யார் 100 கொடுத்து வாங்குவார்? 93 ரூபாய் சொச்சம்தான் கிடைக்கும். வட்டி ஏறினால் விலை இறங்கும். காலம் நீள நீள இறக்கமும் கூடும்.

2013 மே மாதம். ரிசர்வ் வங்கி ரெப்போவை 7.25-க்குக் குறைத்திருந்தது. இன்னும் குறையும் என்று நம்பி நீண்ட கால கில்ட் ஃபண்டு ஒன்றில் கொஞ்சம் பெரிய தொகையாகவே போட்டேன். அரசுப் பத்திரம், மூழ்காது என்ற தைரியம். மே 22 அன்று அமெரிக்காவில் ஃபெட்டின் அன்றைய தலைவர் பென் பெர்னான்கி, பத்திரம் வாங்குவதைக் குறைக்கலாம் என்று ஒரு வார்த்தை விட்டார். டாலர்கள் திரும்பி ஓட ஆரம்பித்தன. ரூபாயைக் காக்க, ஜூலை நடுவில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கான அவசரக் கடன் வட்டியை 10.25 சதவீதமாக்கியது. மே மாதம் 7-ஐ ஒட்டியிருந்த பத்தாண்டுப் பத்திர வட்டி ஆகஸ்டில் 9-ஐத் தாண்டிவிட்டது. டாலர் 68 ரூபாயைக் கடந்தது. என் "பாதுகாப்பான" ஃபண்டைத் திறந்து பார்க்கவே பயந்தேன். இந்திய அரசு வட்டியும் அசலும் ஒழுங்காகத்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. அடி விழுந்தது வாஷிங்டனிலிருந்து.

மூன்றாவது குழாய் பங்கு. நிறுவனங்களின் நாளைய லாபத்துக்கு இன்றைக்கு என்ன விலை கொடுக்கலாம் என்பதே பங்கு விலை. வட்டி ஏறினால், தொலைவில் இருக்கும் லாபத்தின் இன்றைய மதிப்பு குறைகிறது. லாபமே காட்டாமல் 'பின்னால் வரும்' என்று ஓடும் நிறுவனங்கள் முதலில் அடி வாங்குவது அதனால்தான்.

படி 4: வட்டி அறிவிப்பைப் படிக்கும் விதம்

ரிசர்வ் வங்கி ஆளுநர் காலை 10 மணிக்குப் பேசுவார். ஃபெட் முடிவு நமக்கு இரவு 11.30-க்கு வரும், அமெரிக்கக் குளிர்காலத்தில் 12.30-க்கு. அதற்காகக் கண்விழிக்க வேண்டாம். நான் சில காலம் விழித்துப் பார்த்தேன்; மறுநாள் அலுவலகத்தில் தூங்கியதுதான் மிச்சம். முதல் அரை மணி நேரத்தில் சந்தை போகும் திசையும் காலையில் நிற்கும் திசையும் பல நேரம் ஒன்றல்ல.

வட்டி எண்ணைக் கடைசியில் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது நிலைப்பாட்டைச் சொல்லும் அந்த ஒரு சொல்: தளர்வா, நடுநிலையா, இறுக்கமா? அப்புறம் வாக்கு எப்படிப் பிரிந்தது. ஆறு பேரில் ஆறு பேரும் ஒரே பக்கமா, நாலுக்கு இரண்டா? பிரிவு வந்தால் அடுத்த கூட்டத்தில் மாற்றம் வர வாய்ப்பு அதிகம். அதன் பிறகு பணவீக்கக் கணிப்பு முந்தைய கூட்டத்தைவிட ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா. இலக்கு 4 சதவீதம். இருபுறமும் 2 சதவீதம் வரை விலகலாம்.

2025 ஜூன் 6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சந்தை கால் சதவீதக் குறைப்பை எதிர்பார்த்தது. ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா அரை சதவீதம் குறைத்தார். வங்கிகள் கட்டாயமாக வைக்க வேண்டிய ரொக்க இருப்பையும் ஒரு சதவீதம் குறைப்பதாக அறிவித்தார். பங்குச் சந்தைக்குக் கொண்டாட்டம். ஆனால் அதே அறிக்கையில் நிலைப்பாடு தளர்விலிருந்து நடுநிலைக்கு மாறியிருந்தது, இனிக் குறைக்க இடம் அதிகமில்லை என்றும் சொல்லியிருந்தார்கள். பத்திரக்காரர்கள் அந்த வரியைத்தான் படித்தார்கள். குறுகிய கால வட்டி இறங்க, நீண்ட கால வட்டி அடுத்த வாரங்களில் ஏறியது. ஒரே அறிக்கை, இரண்டு வாசிப்பு.

நாள்காட்டியில் இல்லாத கூட்டமும் வரும். 2022 மே 4, எல்ஐசி பங்கு வெளியீடு தொடங்கிய அதே நாள். பிற்பகலில் அன்றைய ரிசர்வ் வங்கி ஆளுநர் சக்திகாந்த தாஸ் திடீரென்று தோன்றி ரெப்போவை 4-லிருந்து 4.4 ஆக்கினார். சென்செக்ஸ் 1,307 புள்ளி இறங்கியது. அன்று இரவே ஃபெட்டும் அரை சதவீதம் உயர்த்தியது. 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த அமெரிக்க வட்டி, 2023 ஜூலைக்குள் 11 ஏற்றத்தில் 5.25–5.50 ஆனது.

படி 5: தேர்தலும் வட்டியும் மோதும் இடம்

மத்திய வங்கி குறுகிய கால வட்டியை மட்டும்தான் நேரடியாகப் பிடித்திருக்கிறது. நீண்ட கால வட்டியைச் சந்தை வைக்கிறது, அங்கேதான் அரசியல் உள்ளே நுழைகிறது.

2024 செப்டம்பர் 18 அன்று ஃபெட் அரை சதவீதம் குறைத்தது. அமெரிக்கப் பத்தாண்டுப் பத்திர வட்டி அப்போது 3.7 சதவீதத்தை ஒட்டி இருந்தது. நவம்பர் 5 தேர்தலில் டிரம்ப் ஜெயிக்கும் வாய்ப்பு கூடக்கூட, வரிக் குறைப்பு, இறக்குமதி வரி, அரசின் கடன், அதனால் பணவீக்கம் என்று சந்தை கணக்குப் போட ஆரம்பித்தது. தேர்தலுக்கு மறுநாள் அந்த வட்டி 4.4. டிசம்பருக்குள் ஃபெட் மொத்தம் ஒரு சதவீதம் குறைத்திருந்தது. ஜனவரி நடுவில் பத்தாண்டு வட்டி 4.8-ஐ ஒட்டி வந்துவிட்டது. மத்திய வங்கி கீழே இழுக்க, சந்தை மேலே இழுத்தது. ஓஎம்ஆரில் உட்கார்ந்து 'ஃபெட் குறைச்சாச்சு, இனி வெளிநாட்டுப் பணம் கொட்டும்' என்று வாங்கியவர்கள் அக்டோபரில் திகைத்துப்போனார்கள். அந்த ஒரு மாதத்தில் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் இந்தியப் பங்குகளிலிருந்து எடுத்தது சுமார் 94,000 கோடி ரூபாய். சீனாவின் ஊக்கத் திட்டமும் நம் பங்குகளின் அதிக விலையும் அதற்குக் கூடுதல் காரணங்கள்.

படி 2-ன் நான்காவது கேள்விக்குத் துருக்கியைப் பாருங்கள். 2021 மார்ச்சில் வட்டியை 19 சதவீதமாக உயர்த்திய இரண்டே நாளில் மத்திய வங்கி ஆளுநரை அதிபர் எர்டோகன் நீக்கினார். சந்தை திறந்ததும் லிரா 15 சதவீதம் வரை விழுந்தது. வட்டி குறைந்துகொண்டே வந்து 8.5-க்குப் போனது, 2022 அக்டோபரில் பணவீக்கம் 85 சதவீதத்தைத் தாண்டியது. 2023 மே தேர்தலில் அவரே திரும்ப ஜெயித்தார். அப்புறம்தான் மாற்றம்: ஜூனில் 15 சதவீதம், 2024 மார்ச்சில் 50. ஆட்சியாளர் மாறவில்லை, வட்டிக் கொள்கை தலைகீழாக மாறியது.

படி 6: தி. நகர் பலகையும் டோக்கியோ வட்டியும்

தங்கம் வாங்குபவர்கள் எல்லோருமே உலகச் சந்தையில் இருக்கிறார்கள், தெரியாமல். கணக்கு இதுதான். 2025 மார்ச் நடுவில் தங்கம் அவுன்ஸ் 3,000 டாலரைத் தொட்டது. ஓர் அவுன்ஸ் 31.1 கிராம், ஆகக் கிராம் 96.45 டாலர். டாலர் 87 ரூபாய் என்றால் 8,391 ரூபாய். 22 காரட்டுக்கு 7,692. அதில் 6 சதவீத இறக்குமதி வரி சேர்த்தால் 8,153. எட்டால் பெருக்கினால் சவரன் 65,200 சொச்சம். அந்த நாட்களில் உஸ்மான் சாலைக் கடைப் பலகைகளில் இருந்ததும் ஏறக்குறைய அதை ஒட்டியே. இந்தக் கணக்கில் டாலர் விலையை ஃபெட் பெரிதும் அசைக்கிறது, ரூபாயை இரண்டு மத்திய வங்கிகளும் அசைக்கின்றன, இறக்குமதி வரியை டெல்லி அரசு. தேர்தல் முடிந்து வந்த 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் அந்த வரி 15-லிருந்து 6 ஆனது. சென்னையில் அன்றே சவரன் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் இறங்கியது. முந்தைய வாரம் கல்யாணத்துக்கு வாங்கிய என் மாமியாரிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

டோக்கியோ எங்கே வந்தது என்றால்: பல ஆண்டுகளாக யென்னைப் பூஜ்ய வட்டிக்குக் கடன் வாங்கி வேறு நாடுகளில் முதலிடுவது பெரிய வியாபாரம். 2024 ஜூலை 31 அன்று பேங்க் ஆஃப் ஜப்பான் வட்டியை 0.25 ஆக்கியது. வெறும் கால் சதவீதம். யென் மதிப்பு ஏற, கடன் வாங்கியவர்கள் எல்லாவற்றையும் விற்றுத் திருப்பிக் கட்ட ஓடினார்கள். அமெரிக்க வேலைவாய்ப்பு எண்களும் மோசமாக வந்தன. ஆகஸ்ட் 5 அன்று ஜப்பானின் பங்குக் குறியீடான நிக்கேய் 12.4 சதவீதம் விழுந்தது, சென்செக்ஸ் 2,222 புள்ளி. மறுநாள் நிக்கேய் 10 சதவீதம் ஏறியது.

படி 7: இப்போது உங்கள் பணம்

ஒரு தாள் எடுங்கள். ஒவ்வொரு முதலீட்டுக்கும் பக்கத்தில் 'எப்போது வேண்டும்' என்று எழுதுங்கள். ஒரு வருடத்துக்குள் கட்ட வேண்டிய பள்ளிக் கட்டணம், கல்யாணச் செலவு எல்லாம் தேர்தலுக்கு முன்பே வங்கி வைப்பிலோ, மிகக் குறுகிய காலப் பத்திரங்களில் போடும் லிக்விட் ஃபண்டிலோ இருக்க வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுப் பணத்தை நீண்ட காலப் பத்திரத்தில் போடாதீர்கள். உங்கள் காலமும் பத்திரத்தின் காலமும் ஒத்துப்போனால் 2013-ல் நான் பட்டது நீங்கள் படமாட்டீர்கள். ஏழு ஆண்டுக்கு மேற்பட்டது பங்கில் இருக்கட்டும், எஸ்ஐபி தன் பாட்டுக்கு ஓடட்டும்.

அப்புறம், முடிவு நாளுக்கான விதியை முன்பே எழுதிவைப்பது. என்னுடையது: முடிவு வந்த நாளிலும் மறுநாளும் விற்பதில்லை. என் மொத்த முதலீட்டில் பங்குகளின் அளவு நான் வைத்த 60 சதவீதத்திலிருந்து ஐந்து சதவீதம் விலகினால் மட்டும், அடுத்த வாரம் சரிசெய்வேன். விற்றால் வரியும் உண்டு: ஓராண்டுக்குள் விற்ற பங்கு லாபத்துக்கு 20 சதவீதம், அதற்கு மேல் வைத்திருந்தால் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5. பதறி விற்று மறுபடி வாங்குபவர் இதையும் சேர்த்துத்தான் இழக்கிறார்.

ஃப்யூச்சர்ஸ் (பின்னொரு நாளில் வாங்க, விற்க இன்றே விலை பேசும் ஒப்பந்தம்), ஆப்ஷன்ஸ் பக்கம் முடிவு நாளில் போகவே வேண்டாம். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதி ஆண்டுகளில் தனிநபர் வர்த்தகர்களில் 93 சதவீதம் பேர் இதில் நஷ்டப்பட்டதாகப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் ஆய்வே சொல்கிறது.

ஓஎம்ஆர்காரர்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் சம்பளம் அமெரிக்க வாடிக்கையாளரை நம்பி இருக்கிறது. அங்கே வட்டி ஏறி நிறுவனங்கள் செலவைச் சுருக்கினால் முதலில் தெரிவது உங்கள் ஊதிய உயர்வில். இதோடு சேமிப்பையும் ஐடி பங்குகளில் வைத்தால் இரண்டு காலும் ஒரே படகில். அண்ணன் மகளிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அவள் நிறுவனம் கொடுத்த பங்குகள், அதன் மேல் ஒரு டெக்னாலஜி ஃபண்டு, இரண்டுமே இருந்தன. அந்த ஃபண்டின் எஸ்ஐபி-யை மட்டும் மாற்றி, சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் பொதுவான இண்டெக்ஸ் ஃபண்டு ஒன்றில் போட்டாள். இப்போதெல்லாம் கூட்ட நாட்களில் அவளிடமிருந்து போன் வருவதில்லை, "நிலைப்பாடு என்ன சித்தப்பா?" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வரும், அதுவும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.